வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில் கார் என்ஜினின் காற்று உள்ளிழுப்பை மேம்படுத்துவது எப்படி? அறிந்துகொள்ள வேண்டியவை

தனுவச்சபுரம்: கார் என்ஜினின் திறனைக் கூட்டுவதற்காகக் காற்று வடிகட்டியையும் உள்ளிழுப்புக் குழாயையும் மாற்றும் வழக்கம் தென் மாநிலங்களில் இளைஞர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. குளிர் நாடுகளின் தேவைக்கேற்ப வடிவமைக்கப்பட்ட உதிரிபாகங்கள் இணைய வணிகத் தளங்கள் வழியாக எளிதில் வீடு வந்து சேர்கின்றன. ஆனால் கேரளத்தின் தென்கோடியிலும் அதை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத்திலும் நிலவும் வெப்பம், ஈரப்பதம், கனமழை ஆகிய மூன்றுக்கும் அவை பொருந்துமா என்பதைப் பலர் ஆராய்வதில்லை. பொருந்தாத மாற்றத்தால் என்ஜினின் திறன் குறைவதுடன் சட்ட நடவடிக்கை, காப்பீட்டு மறுப்பு, என்ஜின் சேதம் ஆகியவற்றுக்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. இது தொடர்பாக வாகன உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய விவரங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

எல்லைக் கிராமங்களின் சூழல்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே தனுவச்சபுரம் அமைந்துள்ளது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் ரயில் நிலையமும் கொண்ட இவ்வூரிலிருந்து தமிழக எல்லையான களியக்காவிளை சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. பாறசாலையின் கே.எல். 19, நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, மார்த்தாண்டத்தின் டி.என். 75 ஆகிய பதிவெண்கள் கொண்ட வாகனங்கள் நாள்தோறும் ஒரே சாலையில் கலந்து ஓடுகின்றன.

இப்பகுதியின் கார்கள் இருவேறு சாலைச் சூழல்களைச் சந்திக்கின்றன. களியக்காவிளையிலிருந்து அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் சந்திப்புக்குச் சந்திப்பு நெரிசல் ஏற்படுகிறது. மாறாக, காரோடு முதல் கழக்கூட்டம் வரையிலான புறவழிச்சாலையில் சீரான வேகத்தில் செல்ல முடிகிறது. காற்று உள்ளிழுப்பு அமைப்பு இவ்விரு சாலைகளிலும் ஒரே மாதிரி செயல்படுவதில்லை. எனவே வாகனம் பெரும்பாலும் எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதை முதலில் கருத்தில் கொள்வது அவசியமாகும்.

வெப்பம் என்ன செய்கிறது?

எரிபொருள் எரிவதற்கு ஆக்சிஜன் தேவை. காற்று வெப்பமடையும்போது விரிவடைகிறது. ஒரே கன அளவில் அடங்கும் ஆக்சிஜனின் எடை குறைகிறது. கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் உலர் காற்றின் எடை சுமார் 1.225 கிலோ. 35 டிகிரியில் அது சுமார் 1.145 கிலோவாகவும், 60 டிகிரியில் சுமார் 1.06 கிலோவாகவும் குறைந்துவிடுகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 3 டிகிரி உயர்வுக்கும் ஒரு விழுக்காடு காற்று குறைகிறது என்று கணக்கிடலாம்.

வெப்பமான காற்று மற்றொரு சிக்கலையும் உருவாக்குகிறது. பெட்ரோல் என்ஜினில் எரிபொருள் கலவை உரிய நேரத்துக்கு முன்பே தானாகத் தீப்பற்றும் ‘நாக்கிங்’ எனப்படும் நிலைக்கு அது வழிவகுக்கிறது. இதை நாக் சென்சார் உணர்ந்ததும் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பு தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. இதனால் என்ஜின் காப்பாற்றப்பட்டாலும் இழுவைத் திறன் குறைகிறது. நெரிசலில் நீண்ட நேரம் நின்ற கார், கிளம்பியதும் சற்று மந்தமாகச் செல்வதாக ஓட்டுநர் உணர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஈரப்பதத்தின் பங்கு

பாலைவன வெப்பத்துக்கும் கடலோர வெப்பத்துக்கும் முக்கிய வேறுபாடு உண்டு. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெப்பம் பதிவானது. தென் கேரளத்தில் வெப்பமானி அந்த அளவை நெருங்குவதில்லை. ஆனால் காற்றில் நீராவி மிகுந்துள்ளது. 33 டிகிரி வெப்பநிலையில் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருந்தால், உள்ளிழுக்கப்படும் காற்றின் கன அளவில் சுமார் 3.5 விழுக்காட்டை நீராவியே பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்வதால் ஏற்படும் இழப்புக்கு இது ஏறக்குறைய நிகரானது.

இந்த இழப்பை எந்த வடிகட்டியும் எந்தக் குழாயும் ஈடுசெய்ய இயலாது. வெளிநாடுகளின் குளிர்ந்த, உலர்ந்த சூழலில் அளவிடப்பட்ட குதிரைத்திறன் உயர்வை விளம்பரத்தில் கண்டு, அதையே நெய்யாற்றின்கரையிலும் எதிர்பார்ப்பது ஏமாற்றத்தையே தரும். நீராவி நாக்கிங்கை ஓரளவு தணிக்கிறது என்பது மட்டுமே இதில் சிறு ஆறுதல்.

தொழிற்சாலை அமைப்பே போதுமானதா?

கார்புரேட்டர் காலத்துக் கார்கள் சிலவற்றில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஏற்பக் காற்று வரும் வழியை மாற்றியமைக்கும் வசதி இருந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை பானெட்டின் முன்விளிம்பிலிருந்தோ முன்சக்கர மட்கார்டின் உட்புறத்திலிருந்தோ வெளிக்காற்றையே எடுத்துக்கொள்கின்றன. அதாவது ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்ற பெயரில் தனியாக விற்கப்படும் அமைப்பின் அடிப்படைப் பயன் தொழிற்சாலையிலிருந்து வரும் காரிலேயே பெருமளவு கிடைத்துவிடுகிறது.

1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் முழுத் திறனுடன் இயங்கும்போது 3,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்றை உள்ளிழுக்கிறது. அந்த நிலையில்தான் வடிகட்டியின் தடை ஓரளவு பொருட்படுத்தத்தக்கதாகிறது. அன்றாட ஓட்டத்தில் ஆக்சிலேட்டர் பாதிகூட அழுத்தப்படுவதில்லை. அப்போது த்ராட்டில் வால்வே காற்றைத் தடுத்து நிறுத்துவதால், வடிகட்டியின் தடையைக் குறைப்பதில் பயன் ஏதும் இல்லை.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனுடன் ஒத்துப்போகிறது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் நவீன பெட்ரோல் கார்களில், வடிகட்டி அடைபட்டிருந்தாலும் எரிபொருள் சிக்கனம் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படுவதில்லை என்றும், வேகமெடுக்கும் திறனே பாதிக்கப்படுகிறது என்றும் அந்த ஆய்வு கண்டறிந்தது. ஆகவே மைலேஜ் கூடும் என்ற ஒரே நோக்கத்துடன் இவ்வகை மாற்றத்தில் பணம் செலவிடுவது பலன் தராது.

சந்தையில் கிடைக்கும் வகைகள்

முதல் வகை, பழைய வடிகட்டிப் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்படும் மாற்று வடிகட்டி. காகிதத்துக்குப் பதிலாக எண்ணெய் பூசிய பருத்தித் துணியோ செயற்கை இழையோ இதில் பயன்படுத்தப்படுகிறது. காற்று வரும் வழி மாறாததால் வெப்பச் சிக்கல் எழுவதில்லை. திறன் உயர்வு மிகச் சிறிதே. கழுவி மீண்டும் பயன்படுத்த முடிவது இதன் சாதகமாகும்.

இரண்டாம் வகை, பெட்டியை அகற்றிவிட்டு என்ஜினுக்கு அருகிலேயே கூம்பு வடிவ வடிகட்டியைத் திறந்தவெளியில் பொருத்துவது. ‘ஷார்ட் ராம்’ என்று அழைக்கப்படும் இது விலை குறைவானது. காற்றை உறிஞ்சும் ஓசை உரத்துக் கேட்பதால் திறன் கூடிவிட்டது போன்ற எண்ணமும் ஏற்படுகிறது. ஆனால் ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சூடாக்கிய பானெட்டுக்கு உட்பட்ட காற்றையே இது உறிஞ்சுகிறது. நெரிசலில் அந்தக் காற்று 60 டிகிரியைத் தொட்டால், 35 டிகிரி வெளிக்காற்றுடன் ஒப்பிடுகையில் 7 விழுக்காட்டுக்கும் மேல் அடர்த்தி குறைந்துவிடும். வடிகட்டியின் தடை குறைந்ததால் கிடைக்கும் ஆதாயத்தை இந்த இழப்பு விழுங்கிவிடுகிறது. வெப்பப் பகுதிகளுக்கு மிகவும் பொருந்தாத வகை இதுவே.

மூன்றாம் வகை, நீண்ட குழாய் வழியாக வடிகட்டியைப் பம்பருக்குப் பின்னாலோ மட்கார்டுக்குள்ளோ கொண்டுசெல்லும் கோல்டு ஏர் இன்டேக். என்ஜினுக்குள் செல்லும் காற்றை 50 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் குறைக்க முடிந்தால் அடர்த்தி ஏறக்குறைய 4 விழுக்காடு உயரும். 85 குதிரைத்திறன் கொண்ட காரில் முழு வேகத்தில் சுமார் 3 குதிரைத்திறன் கூடக்கூடும். ஆனால் வடிகட்டி தாழ்வான இடத்தில் அமைவதால் மழைக்காலத்தில் பெரும் ஆபத்து உள்ளது.

நான்காம் வகை, மூடிய பெட்டியும் வெப்பத் தடுப்பும் கொண்ட அமைப்பு. வடிகட்டி உயரமான இடத்திலேயே இருக்க, முன்புறக் கிரில்லிலிருந்து வெளிக்காற்று மட்டும் பெட்டிக்குள் வரும்படி இது வடிவமைக்கப்படுகிறது. விலை கூடுதல் என்றாலும் வெப்பம், மழை இரண்டையும் ஒருசேரக் கருதினால் மாற்றம் செய்ய விரும்புவோருக்கு ஏற்றது இதுவாகும். குழாய் உலோகமாக இருந்தால் வெப்பத்தை எளிதில் ஈர்க்கும். தடித்த பிளாஸ்டிக் குழாய் வெப்பப் பகுதிகளுக்குப் பொருத்தமானது. அரபிக் கடல் அருகிலிருப்பதால் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக் கிளிப்புகளைத் தவிர்த்துத் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

டர்போ கார்களுக்குத் தனிக் கவனம்

டர்போ பொருத்தப்பட்ட பெட்ரோல், டீசல் கார்களில் கணக்கு வேறு. டர்போ காற்றை அழுத்தும்போதே அது பெரிதும் சூடாகிறது. 35 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், டர்போவின் செயல்திறன் 70 விழுக்காடு எனக் கொள்ளும்போது வெளிவரும் காற்றின் வெப்பநிலை சுமார் 130 டிகிரியை எட்டுகிறது. அதைத் தணித்து என்ஜினுக்கு அனுப்புவது இன்டர்கூலரின் பணி.

எனவே இவ்வகைக் கார்களில் வடிகட்டியை மாற்றுவதைவிட இன்டர்கூலரின் நிலையைக் கவனிப்பதே முதன்மையானது. அதன் இதழ்களில் சேறும் பூச்சிகளும் அடைந்திருக்கின்றனவா, ரப்பர் குழாய்களில் வெடிப்போ எண்ணெய்க் கசிவோ உள்ளதா, கிளிப்புகள் தளர்ந்துள்ளனவா என்பதைச் சோதிக்க வேண்டும். அழகுக்காகப் பொருத்தப்படும் கூடுதல் பம்பர்களும் விளக்குகளும் இன்டர்கூலருக்குச் செல்லும் காற்றை மறைத்துவிடக் கூடாது.

தூசியும் வடிகட்டும் திறனும்

கருங்கல், செயற்கை மணல் ஏற்றிய லாரிகள் தமிழகத்திலிருந்து களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குள் செல்வது வழக்கம். சாலையில் சிந்தும் நுண்ணிய கல்தூசி என்ஜினுக்கு மிகவும் கேடு விளைவிப்பதாகும். சிலிண்டர் சுவர்களையும் பிஸ்டன் வளையங்களையும் அது உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

காற்று வடிகட்டிகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேசத் தரநிலை உள்ளது. நல்ல காகித வடிகட்டிகள் இச்சோதனையில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தூசியைத் தடுத்து நிறுத்துகின்றன. 99.5 விழுக்காட்டுக்கும் 97 விழுக்காட்டுக்கும் இடையே வேறுபாடு சிறிது எனத் தோன்றலாம். ஆனால் 100 கிராம் தூசி வந்து சேர்ந்தால் முதலாவது அரை கிராமையும், இரண்டாவது 3 கிராமையும் உள்ளே விடுகின்றன. என்ஜினைச் சென்றடையும் தூசி ஆறு மடங்காகிவிடுகிறது. காற்றோட்ட அளவை மட்டும் விளம்பரப்படுத்தி, இத்தரநிலையின்படியான வடிகட்டும் திறனைக் குறிப்பிடாத தயாரிப்புகளைத் தவிர்ப்பதே முறை.

எண்ணெய் பூசிய வடிகட்டிகளைப் பராமரிப்பதிலும் கவனம் தேவை. கழுவிய பின் எண்ணெயை அளவுக்கு மீறிப் பூசினால், அது காற்றோட்டத்துடன் சென்று காற்றளவு சென்சாரின் நுண்கம்பியில் படியக்கூடும். அதனால் எரிபொருள் கலவை மாறுபட்டு, டாஷ்போர்டில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும். ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்தில் கழுவிய வடிகட்டி முழுமையாக உலர நீண்ட நேரம் பிடிக்கும் என்பதையும் கருத வேண்டும்.

மழைநீர் என்ஜினுக்குள் புகுந்தால்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பகுதி இது. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் பாறசாலை அருகே தண்டவாளத்தில் மண் சரிந்து திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. இத்தகைய நாட்களில் தாழ்வான சாலைகளில் நீர் தேங்குவது இயல்பு.

பம்பருக்குப் பின்னால் தாழ்வாகப் பொருத்தப்பட்ட வடிகட்டி தேங்கிய நீரில் மூழ்கினால், என்ஜின் காற்றுக்குப் பதிலாக நீரை உறிஞ்சும். காற்றைப் போல் நீரை அழுத்த முடியாது என்பதால் பிஸ்டன் மேலேறும்போது தடைபட்டுக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில வேளைகளில் என்ஜின் பிளாக்கே உடைந்துவிடும். ‘ஹைட்ரோஸ்டேட்டிக் லாக்’ எனப்படும் இச்சேதம் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் ஏராளமான கார் உரிமையாளர்களைப் பாதித்தது. நீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல்வதே சேதத்தைப் பெரிதாக்குகிறது. அத்தகைய நேரத்தில் ஸ்டார்ட் செய்யாமல் காரைத் தள்ளியோ இழுவை வாகனம் மூலமோ ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

வாகனப் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இப்பிரிவுக்கு விளக்கமளித்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலர் எதிர் கே. ஜெயச்சந்திரா என்ற அந்த வழக்கில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களுக்கு அனுமதி இல்லை எனத் தீர்ப்பளித்தது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒலி மற்றும் காற்று மாசு வரம்புகளை மீறினால் 190-ஆவது பிரிவின் கீழ் தனியே நடவடிக்கை எடுக்க முடியும். மத்தியச் சட்டம் என்பதால் எல்லையின் இருபுறமும் இதே விதிகளே பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தயாரான கார்களில் சென்சார்கள் நுட்பமாக ஒருங்கிணைக்கப்பட்டுள்ளன. குழாயின் விட்டத்தை மாற்றினால்கூடக் காற்றளவு சென்சாரின் கணக்கு பிசகி, வெளியேறும் புகையின் தன்மை மாறக்கூடும். பழைய வடிகட்டிக்குப் பதிலாக அதே அளவிலான, நிறுவனம் பரிந்துரைத்த வடிகட்டியைப் பொருத்துவது வழக்கமான பராமரிப்பே. அதற்கு அப்பாற்பட்ட மாற்றம் எதையும் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிவது பாதுகாப்பானது. பந்தய ஆர்வம் உள்ளவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்திலும் முறையான பந்தயத் தடங்கள் உள்ளன.

காப்பீடும் உத்தரவாதமும்

வாகனத்தில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால், இழப்பீடு கோரும்போது மறுப்பைச் சந்திக்க நேரிடலாம். நீர் புகுந்ததால் ஏற்படும் என்ஜின் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதற்கு ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பு தேவை. தாழ்வாக மாற்றியமைக்கப்பட்ட உள்ளிழுப்புக் குழாய் காரணமாகவே நீர் புகுந்தது எனத் தெரியவந்தால் அந்தக் கோரிக்கையும் சிக்கலாகக்கூடும். அதேபோல், அங்கீகரிக்கப்படாத உதிரிபாகத்தால் ஏற்பட்ட பழுதுக்கு உத்தரவாதத்தின் கீழ் பழுதுநீக்கித் தர நிறுவனங்கள் மறுப்பது வழக்கம்.

அளந்து பார்த்து முடிவெடுக்கலாம்

மாற்றம் தேவையா என்பதை ஊகத்தால் தீர்மானிக்க வேண்டியதில்லை. காரின் ஓ.பி.டி. இணைப்பில் பொருத்தக்கூடிய ப்ளூடூத் ஸ்கேனர் சந்தையில் குறைந்த விலையில் கிடைக்கிறது. கைப்பேசிச் செயலி மூலம் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையை அது காட்டும். நண்பகலில் நெரிசலில் நிற்கும்போதும், பின்னர் புறவழிச்சாலையில் 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் சென்ற பின்பும் அந்த அளவைக் குறித்துக்கொண்டு வெளி வெப்பநிலையுடன் ஒப்பிட வேண்டும். ஓட்டுநரின் கவனம் சிதறாமலிருக்க, உடன் வருபவரே அளவுகளைக் குறிப்பது அவசியம்.

டர்போ இல்லாத காரில், சீரான வேகத்தில் இரு அளவுகளுக்கும் இடையே சில டிகிரி வேறுபாடு மட்டுமே இருந்தால், தொழிற்சாலை அமைப்பு தன் பணியைச் சரியாகச் செய்கிறது. புதிய குழாயால் பெறக்கூடியது மிகக் குறைவு. வேறுபாடு 15 டிகிரிக்கும் மேல் நீடித்தால், முதலில் பெட்டியின் மூடி சரியாகப் பூட்டப்பட்டுள்ளதா, காற்று வரும் குழாய் கழன்றுள்ளதா, ரேடியேட்டர் விசிறி சரியாகச் சுழல்கிறதா என்பதைச் சோதிக்க வேண்டும். சர்வீஸின்போது கழற்றிய குழாயை மீண்டும் பொருத்த மறந்துவிட்டாலும், கார் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

எதற்கு முதலிடம்?

அன்றாடப் பயணத்துக்கான சிறிய பெட்ரோல் காருக்கு, நிறுவனம் பரிந்துரைத்த வடிகட்டியைக் குறித்த காலத்தில் மாற்றுவதே போதுமானது. கல்குவாரி லாரிகள் செல்லும் சாலைகளில் ஓடும் கார்களில், கையேட்டில் ‘தூசி மிகுந்த சூழல்’ என்பதற்காகக் குறிப்பிடப்பட்டுள்ள குறுகிய இடைவெளியைப் பின்பற்ற வேண்டும். டர்போ கார்களில் இன்டர்கூலரும் அதன் குழாய்களும் முதலிடம் பெறுகின்றன. பழைய கார்களில் குளிரூட்டும் திரவம், ரேடியேட்டர், விசிறி ஆகியவற்றைச் சீர்செய்தாலே பானெட்டுக்குள் வெப்பம் கணிசமாகத் தணியும்.

இவையனைத்தும் சீராக இருந்த பிறகும் மாற்றம் வேண்டும் என விரும்புவோர், மூடிய பெட்டியும் உயரமான காற்று வாயிலும் கொண்ட அமைப்பையே தேர்வு செய்ய வேண்டும். வடிகட்டும் திறனுக்கான சான்றையும் கேட்டுப் பெற வேண்டும். திறந்த கூம்பு வடிகட்டி வெயிலிலும், தாழ்வான குளிர்காற்றுக் குழாய் மழையிலும் இப்பகுதிக்கு ஏற்றவையல்ல. கழற்றிய தொழிற்சாலைப் பாகங்களை விற்றுவிடாமல் பாதுகாத்து வைத்திருந்தால், தேவைப்படும்போது வாகனத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவர முடியும்.